எருக்குக்குக் கட்டிய தாலி

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் எருக்கு வளர்க்கிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் முகம் மாறும். "ஐயையோ, வீட்டுக்கு ஆகாதே" என்பார்கள். யாருக்கு ஆகாது, ஏன் ஆகாது என்று திருப்பிக் கேட்டால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் தலையாட்டலைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த "ஆகாது" என்ற பேச்சால் ஒரு பெண் செத்துப்போனாள். இன்னொருத்தி எதுவும் தெரியாமல் அதே வீட்டுக்குள் காலடி எடுத்து வைக்க இருந்தாள். இதை ஆற அமரச் சொல்ல எனக்கு வராது. ஆனாலும் செடியிலிருந்தே தொடங்குகிறேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஈசிஆர் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு லேஅவுட்டில் எங்கள் வீடு. கணவருக்கு அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. எனக்குச் செங்கல்பட்டில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். குவார்ட்டர்ஸை விட்டு இங்கே வீடு கட்டி வந்தபோது என் கனவெல்லாம் தோட்டம்தான். பூச்சந்தைக்குப் பேர்போன ஊர்க்காரி ஆயிற்றே. வாசலில் ரோஜா, ஜன்னலுக்குக் கீழே மல்லி, சுவரோரம் கனகாம்பரம் என்று மனத்துக்குள் கோலம் போட்டு வைத்திருந்தேன்.

ஒரே கோடையில் கடற்காற்று அத்தனையையும் அழித்தது. ரோஜா இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. மல்லி மொட்டு வைக்கும், மலராது. மண்ணில்தான் கோளாறு என்று ஒரு லாரி செம்மண் கொண்டுவந்து கொட்டினோம். மழைக்காலம் முடிந்து பார்த்தால் அது மணலுக்குள் இறங்கிக் காணாமல் போயிருந்தது. ஈசிஆர் ஓரத்து நர்சரிக்காரர் சளைக்காமல் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைக் கையில் கொடுத்தார். பெயர் வாயில் நுழையாத பனை, சிவப்புக் குரோட்டன், சதுரம் சதுரமாக வெட்டிய வெளிநாட்டுப் புல். எல்லாம் டேங்கர் தண்ணீரைக் குடித்துவிட்டு வார்டில் படுத்திருக்கும் நோயாளிகள் மாதிரி கிடந்தன. வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். நானோ குடிக்கிற தண்ணீரை மணலில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் காம்பவுண்டின் வடகிழக்கு மூலையில், யாருமே தண்ணீர் விடாத இடத்தில், சாம்பல் பூசிய இலைகளோடு ஒன்று எழுந்து நின்றது. பஞ்சோடு பறந்து வந்து விழுந்த விதை. எருக்கு. சாலையோரம் நிற்பதெல்லாம் ஊதாப் பூ பூக்கும். இது பூத்தபோது சுத்த வெள்ளை. என் கடைசி ரோஜா கருகிய அதே காற்றில் இது கொத்துக் கொத்தாகப் பூத்தது. நர்சரிக்காரரிடம் போய், "நீங்க ஏன் இதை விக்கிறதில்ல?" என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்த மணலுக்கென்றே பிறந்த செடியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, கப்பலில் வந்ததற்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சுகிற புத்தியை என்னவென்று சொல்வது.

அன்றிலிருந்து நான் அதை முறையாகத் தோட்டச் செடியாகவே வளர்த்தேன். எருக்கை அப்படியே விட்டால் கண்டபடி ஓடி, அடியெல்லாம் வெறும் குச்சியாகி, உச்சியில் மட்டும் இலை வைத்து அசிங்கமாக நிற்கும். தை மாதத்தில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். வெட்டிய இடத்துக்குக் கீழே நாலு பக்கமும் தளிர்த்து, ஆடிக்குள் ஆள் உயரப் புதராகிவிடும். ஆவணியில் இலை தெரியாமல் பூ. ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சிகள் வந்து முட்டையிடும். வரி போட்ட புழுக்கள் இலையைத் தின்னும். தின்றால் தின்னட்டும், செடி அசராது. ஒரே தொல்லை, வெட்டும்போது தெறிக்கிற பால். கண்ணில் பட்டால் வம்பு. அதனால் கணவரின் பழைய ஹெல்மெட்டை மாட்டி, முன்கண்ணாடியை இறக்கிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு கத்தியோடு இறங்குவேன். தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். இந்த ஹெல்மெட்டை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வருடம் முழுவதும் என் செடி அந்தத் தெருவுக்குப் பீடை. பிள்ளையார் சதுர்த்தியன்று காலையில் மட்டும் என் கேட்டில் கூட்டம். வெள்ளெருக்கு மாலை என்றால் பிள்ளையாருக்கு அத்தனை இஷ்டமாம். ரதசப்தமி வந்தால் தலையில் வைத்துக் குளிக்க இலை கேட்டு வருவார்கள். பறித்துக்கொண்டு திரும்பும்போதே, "இத சீக்கிரம் எடுத்துடும்மா, வூட்டுக்கு ஆவாது" என்று புத்திமதி வேறு. கூடை நிறைய என் பூவை வைத்துக்கொண்டு! அந்தக் கூடையைப் பிடுங்கி வைத்துக்கொள்ளக் கை துறுதுறுக்கும்.

எல்லாரையும்விட அதிகம் சொன்னது எதிர்வீட்டு அம்மா. செங்கல்பட்டுக்காரர். கணவர் இல்லை. ஒரே மகன், ஐ.டி. கம்பெனியில் நல்ல வேலை. இந்தப் பக்கத்தில் ஒருவரை வயிறெரிந்து சபிக்க வேண்டுமென்றால், "உன் வூட்ல எருக்கு மொளைக்க" என்பார்கள். குடும்பம் அற்றுப்போய், வீடு இடிந்து, அந்த இடிபாட்டில் எருக்கு முளைக்க வேண்டும் என்று அர்த்தம். அப்படிப்பட்ட செடியை நான் குடியிருக்கிற வீட்டிலேயே சீராட்டி வளர்த்ததும், அது தன் வாசலைப் பார்த்து நின்றதும் அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"உங்கூட்டு எருக்கு எங்க வூட்டையே மொறைச்சிகினு நிக்குதும்மா."

"அது பாட்டுக்கு நிக்குதுங்க. நீங்கதான் முறைக்கிறீங்க" என்றேன்.

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவளுக்கு என் செடியை ரொம்பப் பிடிக்கும். மாமியார் டிவி முன்னால் உட்காரும் நேரம் பார்த்துச் சாயங்காலம் ஓடி வருவாள். எருக்க மொட்டை விரலால் அமுக்கினால் டப்பென்று வெடிக்கும். ஒவ்வொரு மொட்டாக அமுக்கி வெடித்துவிட்டு, சின்னக் குழந்தை மாதிரி சிரிப்பாள். பூவெல்லாம் வீணாகிறதே என்று ஒரு நாள் நான் சிடுசிடுத்தேன். அப்போதுதான் சொன்னாள். அவளுக்கு வேடந்தாங்கல் பக்கத்துக் கிராமம்.

"எங்க ஊர்ல ஏரிக்குப் பறவைங்க வரும்க்கா. அதுங்க பயந்துக்கும்னு தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்க மாட்டோம். எங்களுக்கு இதான் பட்டாசு."

அப்புறம் நானும் சேர்ந்து வெடித்தேன். அந்தச் சத்தம் கேட்டால் எதிர்வீட்டிலிருந்து குரல் வரும். "எருக்க மரத்தாண்ட இன்னா வேல உனக்கு? உள்ள வா." அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடுவாள்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் லேஅவுட்டில் எல்லா வீட்டிலும் ஒருவர் டெங்குவில் படுத்துக்கிடந்த நேரம். காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்கள்? டாக்டரிடம் போவார்கள், ரத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். அந்த அம்மா திருஷ்டி கழித்தார். விடாத காய்ச்சலுக்கு மந்திரித்துக் கயிறு கட்டினார். என் எருக்கங்காற்று பட்டதால்தான் வந்தது என்று தெருவெல்லாம் சொன்னார். நான் அலுவலகத்திலிருந்து வந்த வேகத்தில் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டு அவர்கள் வாசலில் நிறுத்தினேன். "செங்கல்பட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன், அனுப்புங்க" என்றேன்.

"எருக்கத் தொட்டுகினு கீற கையால இன்னாத்துக்கும்மா எங்க வாசப்படி ஏர்ற?" என்று கேட்டின் கொண்டியைப் போட்டுவிட்டார்.

உள்ளே வராந்தாவில் மகன் நின்றுகொண்டிருந்தான், கையில் செல்போனோடு. அவனைப் பார்த்து, "தம்பி, நீங்களாவது சொல்லுங்க" என்றேன். "அம்மா பாத்துக்கறாங்க" என்றான். இஞ்சினியரிங் படித்தவன். வெளிநாட்டுக்காரர்களோடு இங்கிலீஷில் பேசிச் சம்பாதிக்கிறவன். கட்டின பெண்டாட்டி உள்ளே முனகுவது எனக்கே கேட்கிறது, அவனுக்குக் கேட்கவில்லை. அந்த ஆட்டோ கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கடைசியில் அவளுக்கு மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் காரில் ஏற்றினார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

சாவுக்கு வந்தவர்கள் அவள் வீட்டைப் பார்த்ததைவிட என் செடியைத்தான் அதிகம் பார்த்தார்கள். தலையை ஆட்டினார்கள். லேஅவுட் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து, "நாலு பேருக்கு மனசு கஷ்டமா இருக்கு, எடுத்துடுங்களேன் மேடம்" என்று நயமாகச் சொன்னார். திறந்து கிடந்து கொசு உற்பத்தியான சங்கத்து ஓவர்ஹெட் டேங்க்கை யாரும் மூடச் சொல்லவில்லை. நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அந்த அம்மா சொன்னது உண்மையாகிவிடும். அவள் வந்து நின்ற இடம் அது ஒன்றுதான் என்பது இன்னொரு காரணம்.

மகன் இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டினான். அவளோடு எனக்கு அதிகப் பழக்கமில்லை. வருடம் திரும்புவதற்குள் ஒரு காலையில் சூட்கேஸைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். நானும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "அந்த வீட்ல தலைவலின்னு சொன்னா மாத்திரை தர மாட்டாங்க, மொளகா சுத்திப் போடுவாங்க. நான் பொழைக்கணும்ல" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். விவாகரத்தும் ஆனது. அவள் மெண்டல் என்று தெருவில் பேச்சு பரவியது. யார் பரப்பினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போன ஆடி மாதம் எதிர்வீட்டு அம்மா என் கேட்டுக்கு வந்தார். தாம்பாளத்தில் பழம், வெற்றிலை, பூ. முகத்தில் சிரிப்பு. ஏதோ விசேஷம் என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். மகனுக்கு மறுபடி பெண் பார்த்தாகிவிட்டதாம். பெண் மதுராந்தகம் பக்கம், லேபில் வேலையாம். ஆனால் மூன்றாம் தாரம் ஆகாதாம். ஜோசியர் பரிகாரம் சொல்லியிருக்கிறார். மூன்றாவதாக ஒரு வெள்ளெருக்குக்குத் தாலி கட்டி, அதை வெட்டிப் போட்டுவிட வேண்டும். தோஷம் அதோடு போய்விடும். அப்புறம் வருகிற பெண் நாலாவது, அவளுக்கு ஒன்றும் ஆகாது.

"ரோட்டோரம் எவ்வளவோ எருக்கு இருக்கே" என்றேன்.

"அது ஆவாதாம்மா. வெள்ளெருக்கா இருக்கணும். ஒரு சுமங்கலி கையால வெச்சி வளத்ததா இருக்கணும்னுட்டாரு. இந்த சுத்துவட்டாரத்துல உங்கூட்ல மட்டுந்தான் கீது."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. காய்ச்சல்காரியை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோது எருக்குத் தொட்ட கை வாசற்படி ஏறக் கூடாது. இப்போது அதே கை வளர்த்ததால்தான் செடிக்கு மகிமை. "உங்க மருமகளைக் கொன்னது என் எருக்குன்னு சொன்னீங்களே. இப்ப அதையே மருமகளாக் கேக்குறீங்களா?" என்றேன். "தோஷத்த வாங்கிக்கிற செடிம்மா, புண்ணியமாப் போவும் உனக்கு" என்றார். "அந்தப் பொண்ணு எப்படிச் செத்தான்னு புதுசா வரப்போறவளுக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டேன். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

செடி போனால் இன்னொன்று வளர்க்கலாம். எனக்குக் கவலையெல்லாம் அந்த லேபில் வேலை பார்க்கிற பெண்ணைப் பற்றித்தான். அவள் பெயர் தெரியாது, ஊர் சரியாகத் தெரியாது. நாளைக்கு அவளுக்கும் ஒரு காய்ச்சல் வரும். கேட்டின் கொண்டி போட்டிருக்கும். அவன் வராந்தாவில் போனோடு நிற்பான்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத் தோழி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் மட்டும் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்து கேட்டைத் திறந்ததும் வடகிழக்கு மூலை வெறுமையாக இருந்தது. ஆள் உயரப் புதர் இல்லை. மணலில் மஞ்சள், குங்குமம், உடைத்த தேங்காய்த் தண்ணீரின் ஈரம். வெட்டிய அடித்தண்டுகளிலிருந்து பால் வடிந்து காய்ந்திருந்தது. முழங்கால் உயரத்தில் நின்ற கட்டையைச் சுற்றி ஒரு மஞ்சள் கயிறு, அதில் மஞ்சள் கிழங்கு. மேலே இருந்ததை எல்லாம் கடலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்களாம்.

கணவர் சோபாவில் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பேப்பர் தலைகீழாக இல்லை, அவ்வளவுதான்.

"அஞ்சாறு பேர் ஐயரோட வந்துட்டாங்க. நமக்கெதுக்கு வம்புன்னு..." என்று இழுத்தார்.

"நான் வேண்டாம்னு சொன்னது உங்களுக்குத் தெரியாதா?"

"ஒரு செடிதானேம்மா."

அன்று நான் போட்ட சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு செடிதானே என்று எதிர்வீட்டுக்காரன் சொல்ல வேண்டியதை, என் வீட்டுக்காரர் சொல்கிறார். அவர்கள் சுத்தமாகக் கை கழுவிக்கொள்ளத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவர் இவர். இனி அந்தப் பெண் வருவதற்குத் தடை இல்லை. தோஷம் கழிந்தது, கதை முடிந்தது. பல நாள் அவருக்குச் சாப்பாடு போட்டேன், பேச்சுப் போடவில்லை.

ஆனால் தோட்டம் வைத்திருக்கிற எவருக்கும் தெரிந்த ஒரு விஷயம் அவர்களுக்குத் தெரியவில்லை. எருக்கை வெட்டினால் அது சாகாது, தழையும். வருடா வருடம் அவர்கள் கண்ணெதிரேதான் நான் முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். அவர்கள் பார்த்துச் சிரித்தது ஹெல்மெட்டை மட்டும்தான். வெட்டியவர்கள் தாலியில் கத்தி படக் கூடாது என்று அதற்கு மேலே வெட்டியிருந்தார்கள். நான் கவாத்து பண்ணுவது போல அத்தனை கச்சிதம். ஐப்பசி மழை இரண்டு பெய்ததும் மஞ்சள் கயிற்றுக்குக் கீழேயும் மேலேயுமாகத் தளிர் வெடித்துக் கிளம்பியது. பார்க்கப் பார்க்க எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது.

எதிர்வீட்டு அம்மா மாடியிலிருந்து பார்த்துவிட்டார். இறங்கி ஓடி வந்தார். "இன்னாம்மா இது, பேஜாரா கீது, மறுக்கா மொளைச்சிகினு வருது!" என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார். வேரோடு பிடுங்கச் சொல்லி என்னிடம் கெஞ்சினார், பிறகு மிரட்டினார். அடுத்த சனிக்கிழமை கடப்பாரையோடு ஒரு ஆளை அனுப்பினார். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் செடிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அந்த ஆள் என்னையும் செடியையும் பார்த்துவிட்டு, "எனக்கு இன்னாத்துக்கு இந்தப் பாவம்" என்று கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதன்பின் கேட்டுக்குப் பூட்டு. சாவியில் ஒன்று கணவரிடம் இருந்தது. அவரே கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். அன்றுதான் அவரோடு பேசினேன்.

மார்கழியில் ஒரு மத்தியானம் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். என் வீட்டைத்தான் கேட்டு வந்திருக்கிறாள்.

"அக்கா, உங்க வூட்டுச் செடிக்கும் எனக்கும் ஒரே மாப்ளயாமே. பாக்கலாம்னு வந்தேன்."

தோஷம் கழிந்துவிட்டது, பயப்படாதே என்று அவனே போனில் சொல்லியிருக்கிறான். எப்படிக் கழிந்தது என்று தோண்டித் துருவி இவள் கேட்டிருக்கிறாள். தையில் கல்யாணம். வயது ஏறிக்கொண்டே போகிறது என்று வீட்டில் எல்லாரும் நெருக்க, சரியென்று தலையாட்டியிருக்கிறாள். முதலாமவள் விஷக்காய்ச்சலில் போனாள், இரண்டாமவள் மெண்டல். இவளுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவே.

செடியிடம் கூட்டிக்கொண்டு போனேன். அதற்குள் இடுப்புயரம் வளர்ந்திருந்தது. புதுக் கிளைகளின் நுனியில் வெள்ளை மொட்டுகள் திரண்டிருந்தன. இலைகளை விலக்கிக் காட்டினேன். மழையில் வெளுத்துப்போன மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது. தண்டு பருத்ததால் கொஞ்சம் இறுக்கியும் இருந்தது.

"தாலியோடதான் கீறாங்க" என்றாள். சிரிக்கவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேடந்தாங்கல்காரியை, மொட்டு வெடித்ததை, காய்ச்சலை, கயிற்றை, ஆட்டோவை. அவள் நடுவில் குறுக்கிட்டது ஒரே ஒரு தடவை.

"பிளேட்லெட் எவ்ளோ இருந்துதாம்?"

"யாரும் பாக்கலம்மா. ரத்தமே எடுக்கல."

காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஊசியும் குழாயுமாகப் பிறர் ரத்தத்தைப் பார்க்கிற பெண். அவளுக்கு நான் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. "அவரு இன்னா பண்ணாரு?" என்று கேட்டாள். அவன் வராந்தாவில் நின்றதையும், அம்மா பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொன்னதையும் சொன்னேன். "வாங்கக்கா" என்று தெருவைக் கடந்து நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

அந்த அம்மா வருங்கால மருமகளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக வந்தார். பின்னால் என்னைக் கண்டதும் பல் உள்ளே போனது. சனிக்கிழமை ஆதலால் மகனும் வராந்தாவுக்கு வந்தான், கையில் போன்.

"அத்தே, ஒரு சந்தேகம்" என்று அவள் ஆரம்பித்தாள். "எருக்குக்கு இவரு தாலி கட்டினாரு இல்ல? அவங்க உசுரோடதான் கீறாங்க. தாலியும் கழுத்துல அப்படியே கீது. இப்பதான் பாத்துட்டு வரேன். கட்டின சம்சாரம் உசுரோட இருக்கச்சொல்ல எனக்குத் தாலி கட்டினா, இவரு மேல கேஸாயிடாதா?"

"இன்னாம்மா நீ, அது செடிம்மா!"

"செடின்னா இன்னாத்துக்கு அதுக்கு முகூர்த்தம் பாத்தீங்க?"

அந்த அம்மா என்னைப் பார்த்து முறைத்தார். அவள் அவனிடம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தா இன்னா பண்ணுவீங்க?"

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு போனைப் பார்த்தான். "அதெல்லாம்... அம்மா பாத்துப்பாங்க" என்றான்.

ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால்கூட அவள் யோசித்திருப்பாளோ என்னவோ. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னது நிஜம் என்று எனக்கே அப்போதுதான் முழுதாக உறைத்தது போலிருந்தது.

"செத்தவளுக்கு ஒரு ரத்தம் எடுத்துப் பாக்கல. செடிக்கு ஜாதகம் பாத்தீங்க" என்றாள் அந்த அம்மாவிடம். "கல்யாணம் வேணாம். எங்க வூட்ல நானே சொல்லிக்கிறேன்." ஸ்கூட்டரை எடுத்தாள். போகும்போது எனக்கு மட்டும் தலையசைத்தாள். அந்த ஒரு தலையாட்டல் எனக்குக் கோபத்தைத் தரவில்லை.

அவள் திருப்பத்தில் மறைந்தாள். அந்த அம்மா தெருவுக்கே வந்துவிட்டார். மணலைக் கையால் அள்ளி என் காலடியில் தூற்றினார். ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

"குடியக் கெடுத்தியேடி! நீ நல்லா இருப்பியா? உன் வூட்ல எருக்கு மொளைக்க!"

"முளைச்சுத்தான் இருக்கு" என்றேன். "உங்க மருமகதான். உங்க வீட்ல இருந்து போன ரெண்டு பேர் மாதிரி இல்ல, நல்லா இருக்கா. சதுர்த்திக்கு வாங்க, பூ தரேன்."

கடைசி வார்த்தை பொய். எல்லா வீட்டுக்கும் கொடுப்பேன், அந்த வீட்டுக்கு ஒரு இதழ் கிடையாது.

தெருவில் அப்புறம் பேச்சு மாறியது. என் வெள்ளெருக்கு சக்தியுள்ளதாம். ஒரு பெண்ணைக் காப்பாற்றியதாம். கேட்டில் யாரோ மஞ்சள் குங்குமம்கூட வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். துணியை நனைத்துத் துடைத்தேன். இவர்களைத் திருத்த முடியாது. பீடை என்றார்கள், இப்போது தெய்வம் என்கிறார்கள். அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது அவளே கேட்ட கேள்வி என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. காய்ச்சலில் செத்தவளைப் பற்றி யாரும் பேசவே இல்லை. அவள் செத்தது ஏன் என்று இன்று வரைக்கும் அந்தத் தெருவில் ஒருவர்கூட அந்த வீட்டுக் கேட்டைத் தட்டிக் கேட்டதில்லை.

அந்தப் பெண் வந்துபோன அன்று சாயங்காலமே நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டுபோய்த் தண்டை இறுக்கியிருந்த மஞ்சள் கயிற்றை வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, திரண்டு நின்ற மொட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கி வெடித்தேன். ஒரு கிளை முழுவதும், பிறகு அடுத்த கிளை. கை பிசுபிசுத்தது. கணவர் வாசலுக்கு வந்து, "பூவெல்லாம் வீணாகுதே" என்றார்.

"அவ ஊர்ல பட்டாசு வெடிக்க மாட்டாங்க" என்றேன்.